எந்த ஆற்று மீன், குளத்து மீன் உங்களைப் படாதபாடு படுத்தியது?

ஈரோட்டிலிருந்து

நம் ஊரில் தூண்டில் போடுகிற யாரைக் கேட்டாலும் முதலில் விரால் பெயரைத்தான் சொல்வார்கள். எனக்கு அதில் பாதிதான் சம்மதம். விரால் அடிக்கிற அடி வேறு எந்த மீனுக்கும் வராது. ஆகாயத்தாமரைக்கு நடுவில் ரப்பர் தவளையை மெதுவாக இழுத்து வரும்போது, அடியிலிருந்து எழும்பித் தண்ணீரைப் பிளந்து கவ்வும். அந்த ஒரு நொடிக்காகவே அதிகாலையில் எழுந்து போகலாம். ஆனால் அதற்குப் பிறகு? ஓடாது. தலையைப் புதருக்குள் நுழைத்துக்கொண்டு நிற்கப் பார்க்கும். நாமும் தடித்த பின்னல் நரம்பை, அதாவது தூண்டில் கயிற்றைப் போட்டு, அது ஓடாதபடி ரீலின் டிராக்கை இறுக்கி மூடி, செடியோடு சேர்த்து வெளியே இழுப்போம். இரண்டு நிமிடத்தில் கதை முடிந்துவிடும்.

என் ஓட்டு ரோகுவுக்கு. கட்லா பெரிதாக வளரும், சரிதான். பெரிய அணைகளில் இருபது கிலோவுக்கு மேலேயும் வரும். முதல் ஓட்டத்தில் ரீலைக் கதற வைக்கும். ஆனால் அது மிதவை உயிரிகளை வடிகட்டித் தின்கிற மீன். உடம்பில் பெரும்பங்கு தலைதான். முதல் வேகம் அடங்கியதும் கனமாக வட்டமடிக்கும், அவ்வளவுதான். உதடும் மென்மை, அவசரப்பட்டால் தூண்டில் முள் கிழித்துக்கொண்டு வந்துவிடும். ரோகுவுக்கு நீண்ட உடம்பு, வாலில் நல்ல பலம். அடிமட்டத்தை ஒட்டியே ஓடும், நரம்பைக் கல்லில் தேய்க்கும். கரைக்குப் பக்கத்தில் வந்து கைவலையைப் பார்த்ததும் மறுபடி ஒரு ஓட்டம். வந்துவிட்டது என்று நினைக்கிறபோதெல்லாம் போய்க்கொண்டே இருக்கும். மெல்லிய நரம்பில் மூன்று கிலோ ரோகு மாட்டினால் மணிக்கட்டு மறுநாளும் வலிக்கும்.

அணைகளில் மீன்பிடி உரிமை பெரும்பாலும் குத்தகைக்குப் போயிருக்கும். போகிறவர்கள் அங்கே கேட்டுவிட்டுப் போடுங்கள், வீண் தகராறு வேண்டாம்.

மதுரைப் பக்கத்திலிருந்து

அண்ணா, விராலை இப்படித் தள்ளி வைக்காதீர்கள். நீங்கள் சொல்கிற கனமான கருவியில் எந்த மீனும் இரண்டு நிமிடம்தான். கோடையில் கண்மாய் வற்றி, செடியெல்லாம் காய்ந்து, நடுவில் மட்டும் தெளிந்த தண்ணீர் நிற்கும்போது லேசான ராடில் போட்டுப் பாருங்கள். ஒன்றரைக் கிலோ விரால் முழு உடம்பும் வெளியே தெரியத் துள்ளி, வாயைத் திறந்து தலையை உதறும். முள்ளைத் துப்புவதில் அதை மிஞ்ச ஆள் இல்லை. காற்றையும் சுவாசிக்கிற மீன் என்பதால் கரையில் போட்ட பிறகும் அடங்காது. ஈரப் புல் இருந்தால் நெளிந்து நெளிந்து தண்ணீருக்கே திரும்பிவிடும்.

ஒரு விஷயத்தை மட்டும் கோபமாகவே சொல்கிறேன். செம்மஞ்சள் குஞ்சுகள் கூட்டமாக மேலே வந்து கொப்பளிக்கிற இடத்தைப் பார்த்ததும் சிலர் அங்கேயே தவளையை எறிகிறார்கள். அடியில் தாயும் தகப்பனும் காவல் நிற்கும், எது வந்தாலும் பாயும். அது பசிக்குக் கவ்வுவது இல்லை. அந்த இரண்டையும் எடுத்துவிட்டால் குஞ்சுகளைக் குறவையும் மற்றதும் ஒரே நாளில் தின்று தீர்த்துவிடும். அப்புறம் அடுத்த வருடம் "கண்மாயில் விராலே இல்லை" என்று புலம்புவதும் இவர்கள்தான்.

தருமபுரியிலிருந்து

ரோகுவா விராலா என்று பேசுகிறவர்கள் காவிரி மஹசீரைப் பற்றிக் கேட்டதில்லை போலும். நான் பிடித்ததில்லை. என் மாமா அந்தக் காலத்தில் வெளிநாட்டுக்காரர்களுக்குப் பரிசல் போட்டவர், அவர் சொல்லித்தான் தெரியும். இரை கேழ்வரகுக் களி உருண்டை. மீன் கவ்வியதும் நேராக ஆற்றின் போக்கோடு கீழே ஓடும். நூறு கஜம் நரம்பு கண்ணெதிரே தீர்ந்துவிடும். பிறகு பாறை இடுக்கில் போய்ப் படுத்துக்கொள்ளும். கரையில் நின்று இழுத்தால் நரம்பு அறுந்தது என்றே அர்த்தம். உடனே பரிசலில் ஏறி, மீன் இருக்கும் இடத்துக்கு மேலே போய், வேறு கோணத்திலிருந்து இழுத்துப் பாறையிலிருந்து விடுவிக்க வேண்டும். சுழலில் பரிசலைப் பிடித்து நிறுத்துகிறவருக்குத்தான் பாதி வேலை. போட்டோவில் அவர் முகம் மட்டும் இருக்காது!

1946-இல், விலங்குகளைப் பாடம் செய்வதில் பேர்பெற்ற மைசூர் வான் இங்கன் குடும்பத்தைச் சேர்ந்த ஒருவர் கபினியில் பிடித்த மஹசீர் 120 பவுண்டு, அதாவது 54 கிலோ. அந்தத் திமில் வைத்த மஹசீர் காவிரிக்கும் அதன் கிளை ஆறுகளுக்கும் மட்டுமே சொந்தம். அதற்கு டோர் ரெமாதேவி என்ற அறிவியல் பெயர் உறுதியானதே 2018-இல்தான். அதே ஆண்டில் அழிவின் விளிம்பில் இருக்கும் இனம் என்று உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியலிலும் சேர்ந்துவிட்டது. காவிரி சரணாலயத்துக்குள் தூண்டில் போடுவதும் நின்றுபோனது. மீன் இப்படிக் குறைந்தது ஆற்று மணல் அள்ளுவது, அணைகள், வெடி வைத்துப் பிடிப்பது எல்லாம் சேர்ந்து செய்த வேலை. பிடித்து விடுவிக்கிற தூண்டில்காரர்களை வெளியேற்றியதால் வெடி வைப்பவர்களைக் கண்காணிக்கவும் ஆள் இல்லாமல் போயிற்று என்பார் மாமா. எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது.

டொராண்டோவிலிருந்து

நான் வன்னியில் குளக்கட்டில் இருந்து தங்கூசியும் (நைலான் தூண்டில் நரம்பு) மண்புழுவுமாய்த் தொடங்கினவன். அங்கே ஜப்பான் மீன்தான் அதிகம், உங்கள் ஊரில் ஜிலேபி என்பீர்கள். உள்ளங்கை அளவு மீன்கூட அளவுக்கு மீறி இழுக்கும், அதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

இங்கே என்னை அதிகம் அலைக்கழித்தது ஸ்டீல்ஹெட். ஒன்டாரியோ ஏரியில் வளர்ந்து, முட்டையிட கானராஸ்கா போன்ற ஆறுகளுக்குள் ஏறி வரும் வானவில் டிரவுட். பனி உருகின குளிர்ந்த தண்ணீரில் ஒக்சிசன் அதிகம், அதனால் களைக்காது. கவ்வினதும் ஒரு பாய்ச்சல், மூன்று நான்கு தரம் துள்ளல், பிறகு ஆற்றோடு கீழ்நோக்கி ஓட்டம். நாமும் வழுக்குப் பாறையில் முழங்கால் தண்ணீரில் பின்னால் ஓட வேண்டியதுதான். செப்டெம்பரில் ஏறுகிற சினூக் சல்மன் இதைவிடப் பெரிசு, ஆனால் முட்டையிட்டதும் சாகப்போகிற மீன். ஆற்றுக்குள் நெடுந்தூரம் ஏறிவிட்டால் அது லொறி டயரைக் கட்டி இழுக்கிற மாதிரித்தான்.

உங்கள் நீலகிரியில் அவலாஞ்சியில் இருக்கிறதும் இதே வானவில் டிரவுட்தான். அதுவும் வெளியிலிருந்து கொண்டுவந்து விட்டது, இங்கேயுள்ளதும் பசிபிக் கரையிலிருந்து கொண்டுவந்து விட்டதுதான். சின்ன ஓடையில் சின்னதாகவும், பெரிய ஏரியில் பெரிசாகவும் வளருது. நீலகிரியில் பிடித்தவர்கள் இருந்தால் எழுதுங்கோ.

கடலூரிலிருந்து

கொடுவாவைச் சேர்க்கலாமா? முகத்துவாரத்தில் பிறந்து ஆற்றுக்குள் ஏறி வளர்கிற மீன்தானே. துள்ளலில் விராலை விழுங்கிவிடும். செவுள் மூடியின் விளிம்பு பிளேடு மாதிரி இருக்கும், எத்தனை நரம்பு போயிற்றோ.

ஈரோட்டிலிருந்து

கொடுவாவைச் சேர்த்தால் போட்டியே முடிந்துவிடும் தம்பி, அதைத் தனியாக வைத்துக்கொள்வோம்! வாளையை யாரும் சொல்லவில்லை, கவனித்தீர்களா? பல்லைப் பார்த்துப் பயந்து கம்பி கட்டிப் போடுகிறோம். முதலில் ஒரு முரட்டு இழுப்பு, அப்புறம் நீளமான உடம்பு அப்படியே மடங்கி வந்துவிடும். புல்கெண்டை நேர் எதிர். சாதுவாக வருகிறதே என்று கைவலையை நீட்டினால் அங்கேதான் ஆட்டம் ஆரம்பம்.

மதுரைத் தம்பி சொன்னதில் நியாயம் இருக்கிறது. கருவி மாறினால் மீனின் பலமும் மாறித் தெரியும். அடுத்து எழுதுகிறவர்கள் ராடு எத்தனை அடி, நரம்பு எத்தனை பவுண்டு, ஓடுகிற தண்ணீரா தேங்கிய தண்ணீரா என்பதையும் சேர்த்து எழுதுங்கள். கோடை வந்ததும் நான் லேசான ராடில் விராலுக்குப் போகிறேன்.