கட்டுரை நோட்டுக் கட்டும் உல்லன் உருண்டையும்: இரண்டையும் ஒரே மேஜையில் சமாளிப்பது எப்படி?

கேள்வி: கோத்தகிரி டீச்சர்

ஒன்பது, பத்தாம் வகுப்புகளுக்குத் தமிழ். நாலு பிரிவு, பிரிவுக்கு 42 பேர், ஆக மொத்தம் 168 கட்டுரை நோட்டு. ஒரு நோட்டுக்கு 7 நிமிடம் ஆகிறது. வார நாளில் பள்ளி முடிந்து இரண்டு மணி நேரம் உட்காரலாம், சனிக்கிழமை கொஞ்சம் கூடுதலாக. ஒரு வாரத்துக்குள் திருப்பிக் கொடுத்தாக வேண்டும்.

நடுநடுவே மூளைக்கு ஓய்வு வேண்டுமென்று பின்னல் ஆரம்பித்திருக்கிறேன், ஒரு மஃப்ளர். மூன்று சந்தேகம்:

திருத்தும் நேரத்தைத் தரம் குறையாமல் எப்படிக் குறைப்பது? இப்படி விட்டு விட்டுப் பின்னுவதற்கு எந்த நூல், எந்த ஊசி, எந்தப் பின்னல் சரி? 44 கண்ணியில் (ஊசியில் ஏறும் நூல் வளையம்) ஆரம்பித்தது இப்போது 47 ஆகிவிட்டது, எங்கே தப்பு?

பதில் 1: சிவப்பு மை

7 நிமிடம் ஆவதற்குக் கை வேகம் காரணமே இல்லை. கண்ணில் பட்ட பிழையை எல்லாம் திருத்தி எழுதிக் கொடுக்கிறீர்கள். 168 நோட்டுக்கு 1176 நிமிடம், கிட்டத்தட்ட இருபது மணி நேரம். 4 நிமிடத்துக்குக் கொண்டுவந்தால் பதினொன்றே கால் மணியில் முடியும். மிச்சமாகும் அந்த 3 நிமிடம் மாணவன் செய்ய வேண்டிய வேலை.

முதலில், பேனாவைத் தொடாமல் கட்டிலிருந்து ஆறு நோட்டை உருவிப் படியுங்கள். பார்த்தாலே தெரிகிற நல்லது இரண்டு, நடுத்தரம் இரண்டு, தேறாதது இரண்டு. அளவுகோல் அதிலேயே கிடைத்துவிடும். இதைச் செய்யாமல் முதல் நோட்டிலிருந்தே மதிப்பெண் போட ஆரம்பித்தால், முதல் பத்துப் பேருக்குக் கை இறுக்கமாகவும் கடைசிப் பத்துப் பேருக்குத் தாராளமாகவும் போகும். சில பேருக்கு நேர் எதிராகப் போகும். எப்படிப் போனாலும் அநியாயம்தான்.

பத்தாம் வகுப்பில் கட்டுரைக்கு 8 மதிப்பெண். அதைக் கருத்துக்கு 3, அமைப்புக்கு 2 (குறிப்புச்சட்டகம், முன்னுரை, உட்தலைப்பு, முடிவுரை), பிழையின்மைக்கு 2, நடைக்கு 1 என்று பிரித்து, நாலு எண்ணையும் ஓரத்தில் எழுதிவிடுங்கள். மொத்தத்தைக் கடைசியில் கூட்டலாம். கையெழுத்து அழகாக இருக்கிற நோட்டுக்கு நம்மை அறியாமல் ஒன்றரை மதிப்பெண் கூடப் போவது இந்தப் பிரிப்பில்தான் நிற்கும்.

அடுத்தது குறியீடு. திருத்தி எழுத வேண்டாம். பிழை இருக்கிற வரிக்கு நேரே ஓரத்தில் ஒரே எழுத்து போதும்: ஒற்றுக்கு ‘ஒ’, மயங்கொலிக்கு (ன-ண, ர-ற, ல-ழ-ள குழப்பம்) ‘ம’, ஒருமை பன்மைக்கு ‘எ’, தொடர் சரியில்லை என்றால் ‘தொ’. எந்தச் சொல் என்று காட்டவும் வேண்டாம், அவர்களே தேடட்டும். உதாரணத்துக்கு இப்படி ஒரு பத்தி:

“மரங்கள் நமக்கு நிழல் தருகிறது. அதற்க்கு நாம் தன்னீர் ஊற்ற வேன்டும். ஒவ்வொரு மாணவர்களும் ஒரு மரக்கன்று நட வேன்டும்.”

முதல் வரிக்கு ‘எ’ (தருகின்றன). இரண்டாவதற்கு ‘ஒ, எ, ம, ம’. ‘அதற்க்கு’ என்ற ஒரே சொல்லில் இரண்டு பிழை இருக்கிறது: க் மிகை, மரங்கள் பன்மை என்பதால் ‘அவற்றுக்கு’ என்று வர வேண்டும். மூன்றாவதற்கு ‘எ, ம’ (ஒவ்வொரு மாணவரும், வேண்டும்). ஆறு திருத்தம் எழுதுகிற இடத்தில் ஏழு எழுத்தோடு வேலை முடிந்தது. நோட்டைத் திருப்பிக் கொடுக்கிற அன்றைக்குப் பதினைந்து நிமிடம் ஒதுக்கி, அவர்களையே கண்டுபிடித்துப் பென்சிலில் திருத்தச் சொல்லுங்கள். பிழையான சொல்லைப் பத்துத் தடவை எழுதச் சொல்கிற வழக்கத்தில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஏழாவது தடவை எழுதும்போது பழைய பிழை திரும்ப வந்திருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்தப் பிழைகளில் பாதியை இரண்டே விதியில் அடக்கிவிடலாம். ட-வுக்கு முன்னால் ண், ற-வுக்கு முன்னால் ன், த-வுக்கு முன்னால் ந் (வேண்டும், கன்று, வந்தது). டண்ணகரம், றன்னகரம், தந்நகரம் என்ற பெயரே இதற்குத்தான். இன்னொன்று: ற், ட் இரண்டுக்கும் பக்கத்தில் வேறு ஒற்று ஒட்டாது. முயற்சி, பயிற்சி, அதற்கு, வெட்கம். ‘பார்க்க’, ‘வாழ்த்து’ என்று ர், ழ் பக்கத்தில் ஒற்று வருவதைப் பார்த்துத்தான் ‘முயற்ச்சி’ என்று எழுதிவிடுகிறார்கள்.

வல்லினம் மிகும் மிகா இடங்களை ஒரே மூச்சில் பிடிக்காதீர்கள். ஒரு கட்டுக்கு ஒரு விதி. இந்தக் கட்டில் அந்த, இந்த, எந்த மட்டும் (அந்தப் பையன்). அடுத்த கட்டில் ஐ உருபும் கு உருபும் (பாலைக் குடித்தான், ஊருக்குப் போனான்). மற்ற சந்திப்பிழை கண்ணில் பட்டாலும் அன்றைக்குத் தாண்டிப் போங்கள். மனசு கேட்காதுதான். பழகிவிடும்.

பதில் 2: நாலு மில்லிமீட்டர்

பின்னலுக்கு வருகிறேன். முதலில் அந்த 47.

ஒரு வரிசை முடிந்து ஊசியைத் திருப்பும்போது, நூல் ஊசிக்கு மேலாக வளைந்து பின்பக்கம் போயிருக்கும். அப்போது முதல் கண்ணியின் கீழே இருக்கிற இரண்டு கால்களும் மேலே இழுபட்டு, இரண்டு கண்ணி போலத் தெரியும். இரண்டையும் தனித்தனியாகப் பின்னிவிடுகிறோம், ஒன்று கூடிவிடுகிறது. திருப்பியதும் நூலைக் கீழே, முன்பக்கம் இழுத்துவிட்டு முதல் கண்ணியைப் பாருங்கள், ஒன்றுதான் இருக்கும். கூடிப்போன மூன்றைச் சரிசெய்ய, அடுத்த மூன்று வரிசைகளில் ஓரத்திலிருந்து நாலைந்து கண்ணி உள்ளே தள்ளி, வரிசைக்கு ஓரிடத்தில் இரண்டு கண்ணியைச் சேர்த்து ஒன்றாகப் பின்னுங்கள். மஃப்ளரில் யாருக்கும் தெரியாது. பிரிக்க வேண்டியதில்லை.

விட்டு விட்டுப் பின்னுகிறவர்களுக்கு இரண்டாவது ஆபத்து, வரிசை நடுவில் நிறுத்துவது. திரும்ப எடுக்கும்போது ஊசிகளை மாற்றிப் பிடித்து வந்த வழியே பின்னிவிட்டால், ஒரு பக்கம் மட்டும் இரண்டு வரிசை ஏறி நடுவில் ஓட்டை விழும். வரிசையை முடித்துவிட்டு வைப்பது நல்லது. முடியாவிட்டால் இதை ஞாபகம் வையுங்கள்: உருண்டையிலிருந்து வரும் நூல் எந்த ஊசியில் தொங்குகிறதோ அது வலது கைக்கு.

பின்னல் வகை: எல்லா வரிசையும் நிட் (நேர்ப் பின்னல்). வேறெதுவும் வேண்டாம். ஒரு வரிசை நிட், ஒரு வரிசை பர்ல் (அதன் மறுபக்கமாக வரும் பின்னல்) என்று போட்டால் துணி வழவழப்பாக வரும், ஆனால் ஓரம் இரண்டும் சுருண்டு குழாயாகிவிடும். தவிர, எந்த வரிசையில் விட்டோம் என்று நினைவு வைக்க வேண்டும். நோட்டுக் கட்டுக்கு நடுவில் அது நடக்கிற காரியமா?

ஊசி விஷயத்தில் ஏமாறுவது சுலபம். நம் ஊர்க் கடைகளில் பழைய இங்கிலாந்து எண்தான் அதிகம், எண் கூடக் கூட ஊசி மெல்லிசாகும். 8-ஆம் எண் 4 மில்லிமீட்டர், 10-ஆம் எண் 3.25. அமெரிக்க எண் தலைகீழ்: அங்கே 8 என்றால் 5 மில்லிமீட்டர். யூடியூபில் ‘எட்டாம் எண்’ என்று சொல்வதைக் கேட்டுக் கடையில் 8 வாங்கினால் துணி இறுகி அட்டை மாதிரி வரும். மில்லிமீட்டர் கேட்டு வாங்குங்கள்.

நடுத்தரக் கனமுள்ள நூலுக்கு (8 இழை என்று போட்டிருக்கும்) 4 மில்லிமீட்டர் ஊசியில் 10 சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 22 கண்ணி வரும். உங்கள் 44 கண்ணி 20 சென்டிமீட்டர் அகலம். நீளம் 150 சென்டிமீட்டர் என்றால் 200-லிருந்து 250 கிராம் வாங்கி வையுங்கள், ஒரே சாயத் தொகுதி எண்ணில். அதே நிறத்தைப் பிறகு வாங்கினால் ஒரு சாயல் மாறி, மஃப்ளர் நடுவில் கோடு கிழித்தது போல் தெரியும்.

கோத்தகிரிக் குளிருக்கு உல்லன், அல்லது உல்லன் கலந்த அக்ரிலிக். அக்ரிலிக்கில் மட்டும் சூடான இஸ்திரிப் பெட்டியை வைத்துவிடாதீர்கள், நூல் இளகித் தொய்ந்துவிடும், திரும்ப வராது. சென்னை, தூத்துக்குடிப் பக்கம் இதைப் படிக்கிறவர்கள் பருத்தி நூலுக்குப் போகலாம். ஆனால் பருத்தி இழுத்தால் கொடுக்காது, ஒவ்வொரு கண்ணிக்கும் விரலும் மணிக்கட்டும்தான் கொடுக்க வேண்டும். நாள் முழுக்கப் பேனா பிடித்த கைக்கு அது தண்டனை.

கண்ணி நழுவினால் பதற வேண்டாம். குரோஷா ஊசியால் (முனையில் கொக்கி இருக்கும்), நழுவிய இடத்தில் ஏணிப்படி போல நிற்கிற நூலை ஒவ்வொன்றாக மேலே ஏற்றலாம். எல்லாமே நிட் என்பதால் ஒரு படியை முன்பக்கமிருந்தும் அடுத்த படியைப் பின்பக்கமிருந்தும் இழுக்க வேண்டும். எல்லாவற்றையும் முன்பக்கமே இழுத்தால் அந்த இடத்தில் மட்டும் சடை பின்னியது போல் வழவழப்பாக ஒரு கோடு நிற்கும்.

பதில் 3: மணிக்கட்டு

மேலே இரண்டு பேரும் சொன்னது சரி. ஒன்றில் மட்டும் ஒத்துப்போக மாட்டேன். திருத்திய கையோடு பின்னல் எடுப்பது மூளைக்கு ஓய்வு, கைக்கு ஓய்வே கிடையாது. பேனாவிலும் ஊசியிலும் அதே கட்டை விரல், அதே ஆள்காட்டி விரல் பிடிப்பு.

12 நோட்டு முடிந்ததும் எழுந்து இரண்டு நிமிடம் நடங்கள், தண்ணீர் குடியுங்கள், கையை உதறுங்கள். அதற்கப்புறம் பத்து நிமிடம் பின்னலாம். மெல்லிய பால்பாயிண்ட் பேனாவை விட, பிடிக்கும் இடம் தடித்த ஜெல் பேனா நல்லது, அழுத்தி எழுத வேண்டியதில்லை. நேர் ஊசியை விட வட்ட ஊசி நல்லது. நடுவில் வளைகிற கம்பி இருப்பதால் துணியின் கனம் மடியில் விழும், மணிக்கட்டில் தொங்காது. உலோக ஊசியில் கண்ணி வழுக்கும், புதிதாகப் பழகுகிறவர்கள் பயத்தில் இறுக்கிப் பிடிப்பார்கள். மூங்கிலில் அந்தப் பயம் குறையும்.

கட்டை, ஆள்காட்டி, நடு விரல் மூன்றும் ராத்திரியில் மரத்துப்போய்த் தூக்கம் கலைந்தால், அது களைப்பு என்று விடாதீர்கள். மணிக்கட்டில் நரம்பு அழுந்துவதன் அடையாளமாக இருக்கலாம். பின்னலை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

இன்னொன்று, ஜெல் பேனாவை மூடாமல் உல்லன் கூடைப் பக்கம் வைக்கவே கூடாது. சிவப்பு மை நூலில் ஊறினால் அந்த இடத்து நூலை வெட்டி எறிவதுதான் வழி.

பதில் 4: ஓரக்குறிப்பு

சின்னச் சின்ன விஷயம் இரண்டு.

டீயை நோட்டு இருக்கிற மேஜையில் வைக்காதீர்கள். இடது கைப் பக்கம் தனி முக்காலி. நீங்கள் இருக்கிற ஊரில் ஆர்த்தடாக்ஸ் தேயிலை (தூளாக்காமல் இலையாகச் சுருட்டியது) பக்கத்திலேயே கிடைக்குமே. 200 மில்லி கொதிநீருக்கு 2 கிராம் இலை, மூடி வைத்து 3 நிமிடம், வடிகட்டிப் பால் ஊற்றாமல் குடித்துப் பாருங்கள். ஐந்து நிமிடம் விட்டால் கசக்கும். அந்த 3 நிமிடத்தில் இரண்டு வரிசை பின்னிவிடலாம்.

அடுத்தது, கட்டுக்கு ஒரு நல்ல வரி. 42 நோட்டில் கைடிலிருந்து வராத வாக்கியம் ஒன்றாவது இருக்கும். முன்னுரை எல்லாம் அச்சடித்த மாதிரி ஒரே குறளோடு ஆரம்பிக்கும், அதைத் தாண்டி மூன்றாம் பத்தியில் தேடுங்கள். பையில் வைக்கிற நோட்டில் அதை அப்படியே எழுதிவைத்து, மறுநாள் எழுதியவர் பெயரைச் சொல்லாமல் வகுப்பில் வாசியுங்கள். யாருடையது என்று வகுப்பே கண்டுபிடித்துவிடும். அடுத்த கட்டுரையில் கைடு கொஞ்சம் குறையும். பிழையோடு இருக்கிற வரியானாலும் எடுக்கலாம், பிழையைத் திருத்திவிட்டு வாசித்தால் போதும்.

கோத்தகிரி டீச்சர்

எல்லோருக்கும் நன்றி. 47 விஷயம் நீங்கள் சொன்னதேதான், நூல் மேலே ஏறியிருந்தது. ஒரு கேள்வி: 12 நோட்டுக்குப் பத்து நிமிடப் பின்னல் என்று வைத்தால் மஃப்ளர் எப்போது முடியும்? கட்டு முடிந்ததும் மறுபடி சரிபார்க்க வேண்டுமா?

நாலு மில்லிமீட்டர்

புதுக் கைக்கு நிமிடத்துக்கு 25, 30 கண்ணி. 44 கண்ணி வரிசைக்கு ஒன்றரை நிமிடம், பத்து நிமிடத்தில் 6 வரிசை. 168 நோட்டுக்கு 14 இடைவேளை, ஆக 84 வரிசை. நிட் மட்டும் போட்டால் 10 சென்டிமீட்டருக்கு 44 வரிசை போகும், அதனால் 19 சென்டிமீட்டர் ஏறும். 150 வேண்டுமென்றால் இதே மாதிரி எட்டுக் கட்டுரை வைக்க வேண்டியிருக்கும். பிள்ளைகளிடம் கணக்கைச் சொல்லிவிடாதீர்கள்.

சிவப்பு மை

சரிபார்ப்பதற்கு: கட்டு முடிந்ததும் நீங்கள் முதலில் திருத்திய ஐந்து நோட்டை மட்டும், போட்ட மதிப்பெண்ணை மறைத்துவைத்துத் திரும்பப் படியுங்கள். ஒரு மதிப்பெண் வரைக்கும் வித்தியாசம் வந்தால் விட்டுவிடலாம். அதற்கு மேல் போனால் முதல் 12-ஐ மட்டும் மறுபடி பாருங்கள். அடுத்த தடவை வேறு பிரிவின் கட்டை முதலில் எடுங்கள். எப்போதும் ‘அ’ பிரிவிலேயே ஆரம்பித்தால், சனிக்கிழமை ராத்திரிக் களைப்பு வருஷம் முழுக்க ‘ஈ’ பிரிவு தலையில்தான் விடியும்.