லைக்காவும் ஹாசல்பிளாடும் இனி எதை நம்பி நிலைக்கும்?

கேள்வி:
வணக்கம். 1954-இல் எம்3 கேமராவுடன் வந்த, ஜெர்மானிய நிறுவனமான லைக்காவின் லென்ஸை இன்றைய எம்11-இலும் பூட்டிப் படமெடுக்கலாம். ஆனால் 2006-இல் வெளிவந்த டிஜிட்டல் எம்8-ஐ இன்று தேடி வாங்குபவர் மிகச் சிலரே. பிலிம் காலத்தில் தலைமுறை தாண்டி உழைத்த கருவி, டிஜிட்டலில் சில ஆண்டுகளிலேயே பழையதாகிவிடும்போது, பெருவிலை சொல்லும் சிறு நிறுவனங்கள் சோனி, கேனான் போன்றவற்றுக்கு எவ்வாறு ஈடுகொடுக்கும்?

மறுமொழி 1:
ஈடுகொடுக்க முயலாமல் இருப்பதே நல்லது என்பேன். லைக்காவின் இடர் பணத்தோடு முடியவில்லை. லைக்காவின் எம் வரிசை போன்ற ரேஞ்ச்ஃபைண்டர் கேமராவில் (தனிச் சாளரம் வழியே பார்த்துக் குவியம் சரிசெய்யும் வகை) லென்ஸ் பூட்டும் மவுண்டுக்கும் பிலிமுக்கும் இடையே 27.8 மி.மீ. மட்டுமே உள்ளதால், அகலக்கோண லென்ஸிலிருந்து வரும் ஒளி ஓரங்களில் மிகச் சாய்வாக விழும். பிலிம் அதைப் பொறுத்துக்கொண்டது. பிலிமுக்குப் பதிலாக ஒளியைப் பதியும் சென்சாரிலோ ஓரங்கள் இருண்டன. எனவே எம்8-க்குக் கோடாக் செய்து தந்த சென்சார் 35 மி.மீ. பிலிமின் அளவைவிடச் சிறியதாக அமைந்தது. அதன் ஓரங்களில் ஒளியைக் குவிக்கும் நுண்லென்ஸ்களும் சாய்ந்த ஒளிக்கேற்ப இடம் மாற்றப்பட்டன. இத்தனை செய்தும் அகச்சிவப்பு ஒளி உள்ளே கசிந்து கறுப்புச் செயற்கைத் துணிகள் ஊதாவாகப் பதிந்தன. வாங்கியவர்களுக்கு நிறுவனம் இலவசமாக வடிகட்டிகளை அனுப்ப நேர்ந்தது. முழு அளவுச் சென்சார் 2009-இல் எம்9-இல்தான் வந்தது. இவ்வளவு காலம் பொறுத்திருக்க ஆண்ட்ரியாஸ் காஃப்மன் என்ற ஆஸ்திரிய முதலீட்டாளர் முன்வந்திராவிட்டால், லைக்கா என்றோ முடிந்திருக்கும்.

மறுமொழி 2:
அப்படிப் பொறுக்கும் உரிமையாளர் வாய்க்காதவர்களின் கதையையும் பாருங்கள். கான்டாக்ஸ் கேமராக்களைச் செய்துவந்த ஜப்பானிய நிறுவனமான கியோசெரா, தன் பல தொழில்களுள் ஒன்றாகவே அதைக் கருதியதால், 2005-இல் அதிலிருந்து விலகுவதாக அறிவித்துவிட்டது. ஸ்வீடனின் கேமரா நிறுவனமான ஹாசல்பிளாட் 2012-இல் சோனி நெக்ஸ்-7 கேமராவின் உள்ளுறுப்புகளுக்கு மரப்பிடி வைத்து, லூனார் என்று பெயரிட்டுப் பல மடங்கு விலைக்கு விற்கப் பார்த்து நகைப்புக்கு ஆளானது. (நிலவுக்குச் சென்ற கேமராக்களின் பெயரை இதற்கா செலவிடுவது!) 2016-இல் கண்ணாடியில்லா (மிரர்லெஸ்) மீடியம் ஃபார்மட் கேமராவான, அதாவது 35 மி.மீ. பிலிமைவிடப் பெரிய சென்சார் கொண்ட எக்ஸ்1டி-யால் மதிப்பை மீட்டது, ஆனால் அடுத்த ஆண்டே பெரும்பான்மைப் பங்கு சீனாவின் டிரோன் நிறுவனமான டிஜேஐ கைக்குப் போயிற்று. ஆகவே பெயர் நிலைப்பதும் நிறுவனம் நிலைப்பதும் ஒன்றல்ல.

கேள்வி கேட்டவர்:
நன்றி. அப்படியானால் லைக்கா இன்று உண்மையில் எதை விற்கிறது?

மறுமொழி 1:
பெரிய நிறுவனங்கள் தொடத் தயங்குவதை. 2012-இல் கறுப்பு வெள்ளையில் மட்டுமே படமெடுக்கும் மோனோக்ரோமை வெளியிட்டது. 2022-இல் பிலிம் கேமராவான எம்6-ஐ மீண்டும் தயாரிக்கத் தொடங்கியது. எல்லாவற்றையும் தானே செய்ய முனையாமல், 2018-இல் பானாசோனிக், சிக்மா ஆகியவற்றோடு ஒரே லென்ஸ் மவுண்டைப் பகிர்ந்துகொள்ளும் எல்-மவுண்ட் கூட்டணியும் அமைத்தது. எனக்குள்ள ஐயம் பழுதுபார்ப்பைப் பற்றியது. எம்3-ஐத் தேர்ந்த கைவினைஞர் ஒருவர் இன்றும் சீர்செய்துவிடுவார்; எம்9-இன் சென்சார் மேல்கண்ணாடி அரித்தால் அவரால் எதுவும் செய்ய இயலாது. பழைய எம்9 வாங்க எண்ணுபவர், சென்சார் மாற்றப்பட்டதற்கான சான்றைக் கேட்டுப் பெற்ற பிறகே பணம் கொடுக்க வேண்டும்.