ஓப்பன் பேக் ஹெட்போன்: ‘அழிக்கூடு’ சரிவருமா?

குழுவினருக்கு வணக்கம்.

மார்த்தாண்டத்தில் கணினி பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறேன். வீடியோ கேம் ஆடும் பிள்ளைகள் ஹெட்போன் வாங்குமுன் படிப்பதற்கு நாலு பக்கம் தமிழில் எழுதிக் கடையில் ஒட்டலாம் என்று உட்கார்ந்தேன். முதல் பக்கத்திலேயே நின்றுபோனது. ஓப்பன் பேக், க்ளோஸ்டு பேக் இரண்டுக்கும் சொல் வேண்டும். ஹெட்போன் ஹெட்போனாகவே இருக்கட்டும். அந்தச் சண்டையை இன்னொரு நாள் வைத்துக்கொள்ளலாம்.

உள்ளே இருக்கும் சவ்வு முன்னும் பின்னும் அதிர்கிறது. முன்பக்க ஒலி காதுக்கு வரும். பின்பக்க ஒலியை க்ளோஸ்டு பேக்கில் கூடு மறிக்கிறது. கொஞ்சம் உள்ளேயே மோதித் திரும்பும். ஓப்பன் பேக்கில் கூட்டின் பின்புறம் முழுக்கத் துளை என்பதால் வெளியே போய்விடும். ஒலி தலைக்குள் அடைபடாமல் சற்றுத் தள்ளி விரிந்து கேட்பது அதனால்தான்.

என் அக்காள் மகன் பெட்டியில் ‘7.1’ (சுற்றிலும் எட்டு ஸ்பீக்கர் இருப்பதுபோல ஒலி தரும் என்று பொருள்) என்று பெரிதாகப் போட்டிருந்ததை நம்பி க்ளோஸ்டு பேக் ஒன்று வாங்கினான். மறுநாளே வந்து, “மாமா, எனக்க தலைக்குள்ளதான் எல்லாவனும் நடக்கானுவ” என்றான். அதற்குள் பெரும்பாலும் காதுக்கு ஒரு சவ்வுதான். மிச்சம் மென்பொருள் வேலை. வலப்பக்கத்து ஒலி இடக்காதுக்குப் பிந்தி வரும், எவ்வளவு பிந்தினாலும் மில்லி நொடியில் முக்கால் பங்கைத் தாண்டாது. அந்த இடைவெளியும் காதுமடல் ஒலியை மாற்றும் விதமும்தான் திசையைச் சொல்லுகின்றன. வேலரண்ட், கவுண்டர்-ஸ்டிரைக் போன்ற ஆட்டங்கள் இந்தக் கணக்கைத் தாங்களே போட்டுத் தரும். அதன்மேல் 7.1-ஐயும் போடுவது தீயலில் புளிசேரியை ஊற்றுவதுதான். நிறுத்தச் சொன்னேன், பாதி சரியாயிற்று. மீதிப் பாதி கூட்டின் குணம்.

‘திறந்த முதுகு’ என்று எழுதிப் பார்த்தேன், சட்டை போடாத ஆள்தான் கண்ணில் வருகிறான். நம் பக்கத்துத் தச்சர்கள் சன்னல் கிராதியை ‘அழி’ என்பார்கள். பத்மநாபபுரம் அரண்மனையில் பார்த்திருப்பீர்கள்: காற்று வரும், வெளிச்சம் வரும், சுவரும் இருக்கும். ஆகவே ‘அழிக்கூடு’. எதிர்ச்சொல் ‘அடைகூடு’. என்ன சொல்கிறீர்கள்?

* * *

அண்ணே, குளச்சலிலிருந்து எழுதுகிறேன், கல்லூரி மாணவன்.

‘அழி’ எங்கள் வீட்டில் பாட்டிக்குத் தெரியும். மதுரைக்காரனுக்கு? காதை அழிக்கிற ஹெட்போன் என்று நினைப்பான். ‘அடைகூடு’ என்றால் எனக்குக் கோழி முட்டைமேல் உட்கார்ந்திருப்பதுதான் தெரிகிறது. நான் வேறு ஒன்று சொல்லட்டுமா: ‘பலகணி’. பல கண் உடையது. அந்த வலையைப் பார்த்தால் அப்படித்தானே இருக்கிறது?

கூடவே ஒன்று. ஓப்பன் பேக்தான் உயர்வு என்ற தொனியில் எழுதிவிடாதீர்கள். எங்கள் வீடு கடலை ஒட்டி. ஆடி மாதம் அலையும் காற்றும் சேர்ந்தால் ஓப்பன் பேக்கில் எதிரியின் காலடிக்குப் பதில் கடல்தான் கேட்கிறது. உள்ளே கேட்பது வெளியேயும் போகும். ராத்திரி ஒரு மணிக்குக் குண்டு வெடித்தால் அம்மா எழுந்து வருவாள். புளூடூத் வேண்டாம் என்றும் எழுதுங்கள். ஒலி நூறு மில்லி நொடிக்கு மேலும் பிந்தும். சுட்ட பிறகு சத்தம் வருகிறது. கம்பி இல்லாமல் வேண்டுமென்றால் யுஎஸ்பி துண்டோடு வரும் 2.4 கிகாஹெர்ட்ஸ் வகை பரவாயில்லை.

* * *

அன்புள்ள இருவருக்கும். வடசேரி. பணி ஓய்வு பெற்ற தமிழாசிரியன். வீடியோ கேம் ஆடியதில்லை, பேரன் ஆடுவதைப் பார்த்திருக்கிறேன்.

தம்பி சொல்லும் ‘பலகணி’ நல்ல பழஞ்சொல். ஆனால் ஓசை ஒத்துப்போவதால் பலர் அதைப் பால்கனிக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். ‘பலகணி ஹெட்போன்’ என்றால் மாடியில் நின்று கேட்பது என்றாகும்.

‘அழி’யைப் பற்றிய அச்சத்துக்கு இலக்கணம் பதில் சொல்கிறது. குறளில் ‘அழிபசி’ என்று வருகிறதல்லவா (226)? அது வினைத்தொகை, வினைத்தொகையில் ஒற்று மிகாது. ஆகவே ‘அழிகூடு’ என்று எழுதினால்தான் அழியும் கூடு, அழித்த கூடு என்றெல்லாம் விரியும். ‘அழிக்கூடு’ என்று ககர ஒற்றுப் போட்டால் பெயரோடு பெயர் சேர்ந்தது, அழி போட்ட கூடு. தச்சர் ‘அழிக்கதவு’ என்று சொல்வதும் அப்படியே. ஒரே ஒரு புள்ளி எழுத்து அந்த மதுரைக்காரரைக் காப்பாற்றும். அவர் அதைக் கவனிப்பாரா என்பது வேறு விஷயம்.

‘அடைகூடு’ வேண்டாம், கோழி ஆட்சேபம் நியாயமானது. மூடுபனி, மூடுவண்டி போல ‘மூடுகூடு’ என்று வையுங்கள்.

* * *

ஐயா, நன்றி. மூடுகூடு உடனே பிடித்துவிட்டது. தம்பி, உன் கடலையும் சேர்த்துவிட்டேன். இப்போது பக்கத்தில் இருப்பது இது:

“தனி அறை, அமைதி, துப்பாக்கி ஆட்டம்: அழிக்கூடு. தறி, கடல், ரோடு, தூங்கும் அம்மா: மூடுகூடு. நம் ஊர்ப் புழுக்கத்தில் ரெக்சின் மெத்தை வியர்த்து, நாளடைவில் தோல் உரியும். துணி மெத்தை பாருங்கள். வாங்குமுன் ஓம் எண்ணை, அதாவது மின்தடை அளவைப் பாருங்கள். 32 ஓம் என்றால் பெரும்பாலும் போனிலேயே ஓடும். பேயர்டைனமிக் டிடி 990 ப்ரோ நல்ல அழிக்கூடு, ஆனால் அதன் 250 ஓம் வகைக்குத் தனி ஆம்ப்ளிபயர் வேண்டும். இல்லையென்றால் ஒலி மெலிந்து கேட்கும், பிறகு கடைக்காரனைத் திட்டுவீர்கள். மைக் தனியாக வாங்கிக்கொள்ளலாம். அதே காசுக்கு மைக் ஒட்டிய ‘கேமிங்’ செட்டைவிட மைக் இல்லாத நல்ல ஹெட்போனில் பெரும்பாலும் ஒலி மேல்.”

கடைசி வரி என் சொந்தத் தீர்ப்பு, வியாபாரத்துக்கு ஆகாது, இருந்தாலும் எடுக்கப் போவதில்லை.

ஒரே ஒரு சங்கடம். ஐயாவின் மடல் வருமுன்னே, அவசரப்பட்டு அலமாரிக்கு ஸ்டிக்கர் அடிக்கக் கொடுத்திருந்தேன். இன்று காலை வந்தது. ஐம்பது ஸ்டிக்கர், ஐம்பதிலும் ‘அழிகூடு’. பேனாவை எடுத்து ஒற்றுப் போட்டுக்கொண்டிருக்கிறேன், பன்னிரண்டு முடிந்திருக்கிறது.