குறைந்த பட்ஜெட் வீட்டில் சூட்டைக் குறைக்க, முதல் பணத்தை எங்கே போடுவது?

கேள்வி: கரிசல்காடு (பெரம்பலூர்)

வணக்கம். நானும் என் தோழியும் சேர்ந்து பெரம்பலூரில் சின்னதாக ஒரு ஆர்க்கிடெக்ட் அலுவலகம் நடத்துகிறோம். எங்களிடம் வருபவர்கள் பெரும்பாலும் ஆசிரியர்கள், சிறு கடை வைத்திருப்பவர்கள், வெளிநாட்டில் வேலை பார்ப்பவர்களின் குடும்பத்தார். கையில் 15, 16 லட்சம் இருக்கும். கேட்பது 700 சதுர அடி, இரண்டு பெட்ரூம். இங்குள்ள மேஸ்திரிகள் சதுர அடிக்கு 2200 ரூபாய் என்று பேசி முடித்துக் கொடுக்கிறார்கள். ஒன்பது அங்குலச் சுவர், கான்கிரீட் தளம், முன்பக்கம் ஒரு எலிவேஷன் (முகப்பு அலங்காரம்), அவ்வளவுதான். குடிபோன முதல் சித்திரையிலேயே ஏசி வந்துவிடுகிறது. அப்புறம் இரண்டு மாத ரீடிங் 500 யூனிட்டைத் தாண்டுகிறது, கட்டண விகிதமே மாறிவிடுகிறது. வீட்டுக்கடனும் கட்டி, இந்த பில்லும் கட்டுகிறார்கள். பார்க்கவே மனசு கேட்கவில்லை.

ரேட் டிராப் சுவர் (செங்கல்லைக் குத்தாக நிறுத்தி நடுவில் வெற்றிடம் விட்டுக் கட்டுவது), ஃபில்லர் ஸ்லாப் (தளத்தின் அடியில் கொஞ்சம் கான்கிரீட்டுக்குப் பதில் ஓடு வைப்பது) இரண்டையும் சொல்லிப் பார்க்கிறேன். "சுவருக்குள்ளே பொந்தா?" என்று வீட்டுக்காரர் பயப்படுகிறார். மேஸ்திரி கூலி கூடக் கேட்கிறார். செங்கல்லில் மிச்சமாகும் காசு அதிலேயே போய்விடுகிறது. கூடுதலாக ஒரு லட்சம் மட்டும் செலவழிக்கச் சம்மதித்தால், நீங்கள் அதை எதில் போடுவீர்கள்?

இன்னொன்று, நம் கட்டணம். கட்டுமானச் செலவில் இத்தனை சதவீதம் என்று வாங்கினால், இந்த அளவு வீடுகளை வைத்து அலுவலக வாடகைகூடக் கட்ட முடியவில்லை. மற்றவர்கள் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

பதில்: நெல்லை அக்கா (ஆர்க்கிடெக்ட்)

தங்கச்சி, அந்த ஒரு லட்சத்தைத் தளத்துக்கு மேலே போடு. சுவர் பேச்சு அப்புறம்.

உங்கள் ஊர் 11 டிகிரி வடக்கில் இருக்கிறது. சித்திரை பிறந்த முதல் வாரத்தில் உச்சிச் சூரியன் ஏறக்குறைய நேர் தலைக்கு மேல் நிற்கும். தெற்குச் சுவரை இரண்டடி சன்ஷேடு காப்பாற்றிவிடும். ஒற்றை மாடி வீட்டில் தளத்துக்கு யார் நிழல் தருவது? ஐந்து அங்குல கான்கிரீட் பகலெல்லாம் சூட்டை வாங்கிவைத்து, ஆட்கள் படுக்கப் போகிற நேரம்வரை கீழே இறக்கிக்கொண்டே இருக்கும். ஃபேனைப் போட்டால் அந்தச் சூட்டுக்காற்றுதான் சுற்றும். ஏசி வாங்க வைப்பது இந்த இரவுச் சூடுதான்.

மத்திய அரசின் எரிசக்தித் திறன் அமைப்பு 2018இல் கொண்டுவந்த ஈகோ நிவாஸ் சம்ஹிதா என்ற வீட்டுக் கட்டட விதித்தொகுப்பைப் படித்திருப்பாய். அதில் கூரையின் யூ மதிப்பு, அதாவது கூரை வழியே சூடு கடக்கிற அளவு, 1.2ஐத் தாண்டக் கூடாது. வெறும் கான்கிரீட் தளம் 3க்கும் மேலே போகும். தளத்தின் மேல் வாட்டர்ப்ரூஃபிங், அதன் மேல் ஒரு அங்குல எக்ஸ்பிஎஸ் போர்டு (சூட்டைத் தடுக்கும் நுரைப் பலகை), மேலே ஸ்கிரீட் (சிமெண்ட் கலவைப் படலம்), வெள்ளை ஓடு என்று போட்டால் கணக்குப்படி 1க்குக் கீழேயே வந்துவிடுகிறது. உங்கள் ஊர் விலையில் போட்டுப் பார். அதற்கும் கட்டாதா? வழக்கமாகப் போடும் செங்கல் ஜல்லி சுண்ணாம்போடு நிறுத்தாமல், டைல்ஸ் கடையில் கழிக்கும் வெள்ளைத் துண்டுகளை வாங்கி மேலே பதி. அதுவும் முடியாத குடும்பம் என்றால், மாசி பங்குனியில் மொட்டை மாடிக்கு வருஷா வருஷம் சுண்ணாம்பு அடிக்கச் சொல். எவ்வளவு ஏழை வீட்டிலும் இதைச் செய்யலாம். இதைச் சொல்லாமல் ஒரு வீட்டையும் நான் ஒப்படைப்பதில்லை.

ஃபில்லர் ஸ்லாப்பை விட்டுவிடாதே. இரண்டு சுவருக்கு நடுவில் தளத்தின் அடிப்பகுதிக் கான்கிரீட் பாரத்தைத் தாங்குவதில்லை. இழுவையைக் கம்பிதான் தாங்குகிறது. அந்த இடத்தில் மங்களூர் ஓட்டைக் கவிழ்த்து வைத்தால் கான்கிரீட்டும் குறையும், தளத்தின் எடையும் குறையும். ஆனால் கம்பி டிசைனை ஸ்ட்ரக்சுரல் எஞ்சினியர் பார்த்தே ஆகவேண்டும்.

மேஸ்திரி பயத்துக்கு ஒரு வழி. முதல் ரேட் டிராப் சுவரை வீட்டில் கட்ட வைக்காதே, காம்பவுண்டில் கட்ட வை. அதற்கு மட்டும் சதுர அடிக் கணக்கு வேண்டாம், நாள்கூலி கொடு. கை பழகிவிட்டால் வழக்கமான கூலிக்கே வருவார். செங்கல்லில் கால்வாசி மிச்சமாவதை அவரே எண்ணிப் பார்ப்பார். முடிந்தால் திருவனந்தபுரத்துக்குக் கூட்டிப் போ. குறைந்த செலவுக் கட்டடங்களுக்குப் பேர்போன ஆர்க்கிடெக்ட் லாரி பேக்கர் கட்டிய வளர்ச்சி ஆய்வு மையத்தில் பூசாத செங்கல் சுவர் இத்தனை வருஷ மழையில் எப்படி நிற்கிறது என்று தொட்டுப் பார்க்கட்டும். நாம் படம் காட்டினால் நம்பாதவர், இன்னொரு கொத்தனாரின் கைவேலையைப் பார்த்தால் நம்புவார்.

கட்டண விஷயத்தில் சதவீதத்தை இன்றோடு விடு. நீ செலவைக் குறைக்கக் குறைக்க உன் கூலியும் குறைகிற ஏற்பாடு அது. மொத்தத் தொகை பேசு. பிளான் கொடுக்கும்போது, பேஸ்மட்டத்தில், லிண்டலில், தளம் போடும் அன்று எனப் பிரித்து வாங்கு. சைட்டுக்கு எத்தனை தடவை வருவாய் என்று எழுதிக் கொடு. ஜன்னல், படி, தளத்தின் மேல் வேலை ஆகியவற்றுக்கு ஒரு செட் வரைபடம் பொறுமையாக வரைந்து வைத்துக்கொண்டு எல்லா வீட்டுக்கும் அதையே கொடு. பிளானை மட்டும் அந்தக் குடும்பத்துக்கென்று புதிதாக யோசி. 2500 சதுர அடிக்குள் மனை, 3500 சதுர அடிக்குள் கட்டடம் என்றால் 2024 ஜூலையிலிருந்து சுயசான்று முறையில் ஆன்லைனிலேயே அனுமதி கிடைக்கிறது. அதில் மிச்சமாகும் நேரத்தையும் கணக்கில் எடு.

பதில்: நாமக்கல் சைட் எஞ்சினியர்

மேடம், அக்கா சொன்னதோடு இரண்டு விஷயம். உங்கள் பக்கம் நிறைய இடத்தில் கரிசல் மண். மழைக்கு ஊதும், கோடைக்கு வெடிக்கும். அங்கே அஸ்திவாரத்தில் கை வைத்து மிச்சம் பிடிக்கவே வேண்டாம். பில்லர் இல்லாமல் சுவர் மேலேயே தளம் போட்டு மிச்சம் பிடிப்பது செம்மண் மனைக்குச் சரி, கரிசலுக்கு மண் பரிசோதனை இல்லாமல் நான் தொடமாட்டேன்.

ரேட் டிராப்புக்குக் கல் ஒரே அளவாக இருக்கவேண்டும். நாட்டுச் செங்கல் கோணலாக வந்தால் கலவை அதிகமாகும், பொந்துக்குள்ளும் விழும். சேம்பர் கல் அல்லது ஃப்ளை ஆஷ் கல் எடுங்கள். எலக்ட்ரிகல் பைப் எங்கே போகிறது என்பதை முன்னாலேயே குறித்துக் கொடுத்துவிடுங்கள். கட்டி முடித்த பிறகு எலக்ட்ரீஷியன் காடி வெட்டினால் குத்துக்கல் உடைந்துவிடும். ஜன்னல் ஓரம், சில் மட்டம், லிண்டலுக்குக் கீழ் வரிசை எல்லாம் பொந்தில்லாமல் கட்டவேண்டும்.

பதில்: கரூர் வீட்டுக்காரி

நான் எஞ்சினியர் இல்லை, இப்படி ஒரு வீட்டில் குடியிருப்பவள். எங்கள் வீட்டுப் படத்தில் எதிரெதிர் ஜன்னல் அழகாக இருந்தது. நடப்பில் ஆறு மணிக்குக் கொசு, பத்து மணிக்குத் திருடன் பயம். காற்று வருகிற நேரத்தில்தான் எல்லாவற்றையும் சாத்துகிறோம். ஜன்னலுக்கு வலையை முதல் எஸ்டிமேட்டிலேயே சேர்த்துவிடுங்கள், அப்புறம் யாரும் போடுவதில்லை. சாத்தவே முடியாத உயரத்தில், கம்பியும் வலையும் வைத்து, அறைக்கு இரண்டு வெண்டிலேட்டர் வையுங்கள். சமையலறையை மேற்கில் தள்ளாதீர்கள். சாயங்காலம் டிபன் செய்கிற நேரத்தில் அந்தச் சுவரைத் தொடமுடியாது. எங்கள் தெருவில் ஒரு வீட்டில் மேற்கே பாத்ரூமும் மாடிப்படியும் வைத்திருக்கிறார்கள், பெட்ரூம் எவ்வளவோ தேவலை.

கரிசல்காடு:

அக்கா, சார், கரூர் அம்மா, மூவருக்கும் நன்றி. இப்போது கையில் இருக்கும் ஒரு பிளானில் சமையலறை வாஸ்துப்படி தென்கிழக்கில்தான் இருக்கிறது, அது நல்லதாய்ப் போயிற்று. மேற்கில் இருந்த பெட்ரூமை உள்ளே இழுத்து, படியை அங்கே கொண்டுபோகிறேன். மனை கரிசல்தான், அதனால் பில்லர் இருக்கட்டும். எலிவேஷனுக்கு ஒதுக்கிய பணத்தைத் தளத்துக்கு மாற்றலாமா என்று ஞாயிற்றுக்கிழமை அந்த வீட்டம்மாவிடம் பேசப் போகிறேன். அக்கா, உங்கள் தள வேலை வரைபடத்தில் கைப்பிடிச் சுவர் ஓரம் போர்டை எப்படி முடிக்கிறீர்கள், தண்ணீர் இறங்காமல்?

நெல்லை அக்கா:

வாட்டர்ப்ரூஃபிங்கைக் கைப்பிடிச் சுவரில் ஓரடி ஏற்றிவிடு. மூலையில் கலவையால் வளைத்துப் பூசு. போர்டு அந்த வளைவுக்கு இந்தப் பக்கமே நிற்கட்டும். ஸ்கிரீட் வாட்டத்தை மழைநீர்க் குழாய்ப் பக்கம் கொடு. நாளைக்கு வரைபடம் போட்டுவிடுகிறேன்.