பெரிய வீட்டுக் குழு: மண்டி கம்ப்யூட்டர்

பெரியப்பா: சின்னவனுக்குக் காலேஜ்ல உபுண்டு வேணுமாம், விண்டோஸ் மாதிரி இன்னொரு சிஸ்டமாம். மண்டி கம்ப்யூட்டர்லயே போடலாம்கிறான். டேலி கணக்கு மொத்தமும் அதுலதான் கெடக்கு. போடலாமா?

சித்தப்பா: வேணாம்ணே. போன தடவை ஒரே டிஸ்க்கைப் பிரிக்கப் போயி கணக்கே போச்சு

பெரியப்பா: பிரிச்சது யாரு?

அத்தை: ஆரம்பிச்சிட்டீங்களா ரெண்டு பேரும்

கும்பகோணம் அண்ணன்: இப்ப எதையும் பிரிக்கப் போறதில்ல பெரியப்பா. விண்டோஸ் இருக்கிற என்விஎம்இ டிஸ்க் (மதர்போர்டுல நேரா சொருகுற சின்ன டிஸ்க்) அப்படியே இருக்கட்டும். உபுண்டுவுக்குத் தனியா ஒரு சாட்டா எஸ்எஸ்டி (கேபிள்ல மாட்டுற டிஸ்க்), 256 ஜிபி போதும். டேட்டா கேபிள் பெரும்பாலும் டப்பாவுல வராது, தனியா வாங்கணும்.

சின்னவன்: வாங்கி மாட்டிட்டேன்ணா. பயாஸ்ல (விண்டோஸுக்கு முன்னாடி வர்ற செட்டிங்ஸ்ல) காட்டல

கும்பகோணம் அண்ணன்: எந்த போர்ட்?

சின்னவன்: கடைசி

கும்பகோணம் அண்ணன்: சில மதர்போர்டுல எம்.2-ல, அதான் என்விஎம்இ சொருகுற எடத்துல, டிஸ்க் இருந்தா ஒண்ணு ரெண்டு சாட்டா போர்ட் வேலை செய்யாது. மேனுவல்ல போட்டிருக்கும். வேற போர்ட்ல மாத்து.

சின்னவன்: வந்துடுச்சு 👍

அத்தை: கல்லணை தொறந்துட்டாங்களா?

சித்தப்பா: 12ந் தேதிதானே மேட்டூர் தொறந்தாங்க. கல்லணைக்கு வர மூணு நாளாவது ஆகும். நம்ம வாய்க்காலுக்கு அப்பறம்தான்

கும்பகோணம் அண்ணன்: சின்னவனே, இதைக் கவனமாப் படி. மொதல்ல டேலி டேட்டா ஃபோல்டரைப் பென்டிரைவ்ல காப்பி எடு. பிட்லாக்கர் (விண்டோஸ் டிஸ்க்குக்குப் போடுற பூட்டு) ஆன்ல இருந்தா 48 இலக்க ரெகவரி கீயை நோட்டுல எழுதி வை. பயாஸ்ல இருக்கிற செக்யூர் பூட் செட்டிங்கைத் தொட்டா விண்டோஸ் அந்தக் கீயைக் கேக்கலாம். விண்டோஸ்ல ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை நிறுத்து. இல்லேன்னா ஷட்டவுன் பண்ணாலும் விண்டோஸ் முழுசா அணையாது, உபுண்டுலேர்ந்து அந்த டிஸ்க்குல எழுத முடியாது.

அப்பறம் கரண்ட் வயரை உருவிட்டு என்விஎம்இயை வெளிய எடுத்துடு. இதுதான் முக்கியம். இன்ஸ்டாலர்ல நீ எஸ்எஸ்டியைக் காட்டினாலும், பூட்லோடரை (உபுண்டுவைக் கெளப்புற புரோகிராம்) கொண்டுபோயி விண்டோஸ் டிஸ்க்கோட இஎஃப்ஐ பார்ட்டிஷன்ல (பூட்லோடர் இருக்கிற சின்னப் பகுதி) எழுதிடலாம். உபுண்டு பழைய இன்ஸ்டாலர்ல ரொம்ப காலம் இருந்த கோளாறு. அப்படி எழுதிட்டா, நாளைக்கு விண்டோஸ் டிஸ்க் போனா உபுண்டுவும் கெளம்பாது. தனி டிஸ்க் வாங்கினதே வீண். விண்டோஸ் டிஸ்க்கே உள்ள இல்லேன்னா எஸ்எஸ்டிலயே தனி இஎஃப்ஐ போட்டுக்கும்.

சித்தப்பா: இதுக்குக் கழட்டணுமா? பயாஸ்ல அணைச்சா ஆகாதா

கும்பகோணம் அண்ணன்: அந்த வசதி எல்லா போர்டுலயும் இல்ல சித்தப்பா. கழட்டிட்டா சந்தேகமே இல்ல. ஒரே ஸ்க்ரூதான், எடுத்ததும் டிஸ்க் தானா சாஞ்சு எழும்பும், அதே சாய்வுல இழுக்கணும். ஸ்க்ரூ நெல்லு மணி அளவுதான். மண்டித் தரையில விழுந்தா தேட முடியாது, கீழ வெள்ளைத் துண்டு விரிச்சுக்கங்க.

பெரியப்பா: நான் ஸ்விட்சைப் போட்டா டேலி வரணும். அவ்வளவுதான்

கும்பகோணம் அண்ணன்: வரும் பெரியப்பா. திரும்ப மாட்டினதும் பூட் வரிசையில விண்டோஸை மேல வச்சுடலாம். உபுண்டு வேணும்னா ஸ்விட்ச் போட்டதும் அவன் எஃப்12 அழுத்திக்குவான். போர்டைப் பொறுத்து எஃப்11, எஃப்8-ஆவும் இருக்கும். உபுண்டு ஓட்டிட்டு வந்தா விண்டோஸ் கடியாரம் அஞ்சரை மணி நேரம் பின்னாடி காட்டும். அதுக்கு உபுண்டுல ஒரு வரி கட்டளை போதும், படமா அனுப்புறேன்.

சித்தப்பா: ஞாயித்துக்கெழமை நான் வந்து கழட்டித் தரேன்

பெரியப்பா: நீ டார்ச் புடி போதும்

அத்தை: ஞாயிறு காதுகுத்து! எல்லாரும் மறந்துட்டீங்களா

பெரியப்பா: சாயங்காலம் பாப்போம்

சின்னவன்: அண்ணா உபுண்டு இன்ஸ்டால் பண்ண பென்டிரைவ் 4 ஜிபிதான் இருக்கு

கும்பகோணம் அண்ணன்: பத்தாது. உபுண்டு இன்ஸ்டால் ஃபைலே (ஐஎஸ்ஓ) 5 ஜிபிக்கு மேல. 8 வாங்கு. டேலி காப்பிக்கு வேற ஒண்ணு, இதுல போட்டா அழிஞ்சிடும்