சிகாகோ பள்ளி வாரியம் 17.5 கோடி டாலரை அமுக்கிவிட்டதா?

ஏரிக்கரை:
நேற்று வேறொரு இழையில் ஒருவர் "சிகாகோ பள்ளி வாரியம் நகராட்சிக்குத் தர வேண்டிய 17.5 கோடி டாலரை அமுக்கிவிட்டது" என்று எழுத, ஆளாளுக்கு ஆமாம் போட்டிருக்கிறீர்கள். "தர வேண்டிய" என்று யார் சொன்னது? பள்ளிச் சமையலறை ஆட்கள், துப்புரவுப் பணியாளர்கள், வகுப்பறை உதவியாளர்கள், எழுத்தர்கள் இவர்களுடைய ஓய்வூதியம் நகராட்சி ஊழியர் நிதியத்திலிருந்து வருகிறது. ஆசிரியர்களுக்குத் தனி நிதியம். முன்னதற்கு முதலாளி பங்கு கட்டும் பொறுப்பை இல்லினாய் மாநிலச் சட்டம் நகராட்சி தலையில்தான் வைத்திருக்கிறது. லோரி லைட்ஃபுட் மேயராக இருந்தபோதுதான் பள்ளியிடம் கேட்டு வாங்கும் பழக்கம் வந்தது. 2020இல் 6 கோடி, ஏறி ஏறி 17.5 கோடி.

தராசு:
ஆமாம் போட்டவர்களில் நானும் ஒருவன். அந்த நிதியத்தில் இப்போது வேலையில் இருக்கும் உறுப்பினர்களில் பாதிக்கு மேல் பள்ளி ஆட்கள். சம்பளம் கொடுப்பது பள்ளி, வேலை வாங்குவது பள்ளி, ஓய்வூதியம் மட்டும் ஊரார் பணமா? கட்டிக்கொண்டு வந்ததை நிறுத்தினார்கள், 2024ஐ நகராட்சி 16.1 கோடி டாலர் பற்றாக்குறையோடு முடித்தது.

ஏரிக்கரை:
ஆட்கணக்கு கேட்கவில்லை. சட்டம் கேட்டேன். பள்ளி பணம் கொடுத்தது இரு அமைப்புகளுக்கும் இடையிலான ஒப்பந்தத்தின் பேரில். ஒப்பந்தம் போடாத ஆண்டுக்குப் பாக்கி எப்படி முளைக்கும்?

மழைக்கால்:
இருவருமே அதைப் "பாக்கி" என்கிறீர்கள். அதற்கு என்ன பொருள் என்று முதலில்...

தராசு:
அகராதி வேலை பிறகு. ஏரிக்கரை, உறுப்பினர் யாருடைய ஆட்கள்? ஒரு வரியில் பதில் வேண்டும்.

ஏரிக்கரை:
பள்ளி ஆட்கள். கட்ட வேண்டியது நகராட்சி. ஒரு வரி போதுமா? இதையும் கேளுங்கள். 2024இல் மேயர் பிராண்டன் ஜான்சன் தரப்பு பள்ளியை 30 கோடி டாலர் குறுகியகாலக் கடன் வாங்கச் சொன்னது. ஓய்வூதியத் தொகையும் ஆசிரியர் ஒப்பந்தச் செலவும் அதில் அடங்க வேண்டுமாம். பெரிய கடன் மதிப்பீட்டு நிறுவனங்கள் முதலீட்டுத் தரத்துக்குக் கீழே வைத்திருக்கும் வாரியம் அது. வட்டி எப்படி இருக்கும்? பள்ளிகளின் தலைமை நிர்வாகி பெத்ரோ மார்ட்டினஸ் மறுத்தார். அக்டோபரில் வாரிய உறுப்பினர்கள் 7 பேரும் விலகினார்கள். ஏழு பேரும் ஜான்சனே நியமித்தவர்கள்! டிசம்பரில் புது வாரியம் மார்ட்டினஸை நீக்கியது. சட்டப்படி வர வேண்டிய பணமென்றால் வழக்குப் போட்டு வாங்கலாமே, இவ்வளவு பாடு எதற்கு?

வடக்குவாசல்:
டிஃப்பை (TIF, சொத்துவரி உயர்வை வட்டார வளர்ச்சிக்கு ஒதுக்கும் ஏற்பாடு) விட்டுவிட்டீர்கள். ஒரு வட்டாரத்தை டிஃப் என்று அறிவித்த நாளில் சொத்து மதிப்பு 100 என்றால் 23 ஆண்டுக்கு அந்த 100க்கான வரிதான் பள்ளிக்கு. மதிப்பு 160 ஆனாலும் மேலே உள்ள 60க்கான வரி நகராட்சி கையிலுள்ள தனிக் கணக்குக்குப் போய்விடும். உபரி என்று நகராட்சி அறிவித்தால்தான் பிரியும். அதில் ஏறக்குறைய 52 சதவீதம் பள்ளிக்கு. பள்ளிப் பணத்தையே திருப்பிக் கொடுத்துவிட்டு 17.5 கோடி கேட்பதா?

தராசு:
அரைகுறை. பள்ளி வாரியம் சொத்துவரியாக விதிப்பது மொத்தத் தொகை, விகிதம் அல்ல. உச்சவரம்புச் சட்டப்படி ஆண்டுக்கு விலைவாசி உயர்வு அல்லது 5 சதவீதம், எது குறைவோ அவ்வளவுதான் ஏற்றலாம். டிஃப் மதிப்பைப் பூட்டி வைத்தால் விகிதம் ஏறும், தொகை குறையாது. அடி வாங்குவது வீட்டுக்காரர். சொத்துவரி இழையிலும் இதே தப்பைச் செய்தீர்கள், திருத்தினேன், நன்றி கூடச் சொல்லவில்லை.

ஏரிக்கரை:
திருத்தியவருக்கே திருத்தம் வேண்டியிருக்கிறது. புதுக் கட்டிடத்தின் மதிப்பு உச்சவரம்புக்கு வெளியே சேரும், அந்த அளவுக்குப் பள்ளி கூடுதலாக விதிக்கலாம். அதே கட்டிடம் டிஃப் வட்டாரத்துக்குள் எழுந்தால் அந்த டிஃப் முடியும்வரை சேராது. அந்த இழப்பு நிஜ இழப்பு. ஆனால் வடக்குவாசல், நீங்களும் திசை திருப்பாதீர்கள். கேள்வி 17.5 கோடி.

வடக்குவாசல்:
உங்கள் பக்கம் பேசினால் அதற்கும் அதட்டலா? இழையை ஆரம்பித்தால் குத்தகைக்கு எடுத்ததாகிவிடுமா?

தராசு:
2025 ஆகஸ்டில் பள்ளி நிறைவேற்றிய வரவுசெலவுத் திட்டத்தைப் பாருங்கள். போதிய கூடுதல் வருவாய் வந்தால் 17.5 கோடி கொடுப்போம் என்று அவர்களே எழுதியிருக்கிறார்கள். கடமை இல்லாதவன் அப்படி எழுதுவானா?

ஏரிக்கரை:
"வந்தால்"! அந்தச் சொல்லையே நீங்கள் படிக்கவில்லை. 73.4 கோடி பள்ளத்தை அடைத்துக்கொண்டிருந்த நேரம் அது. கடன்பட்டவன் "வந்தால் தருகிறேன்" என்றால் கடன் கொடுத்தவர் யார் விடுவார்? நகராட்சி தலையில் வைத்த சட்டம் இன்னும் அப்படியே இருக்கிறது.

தராசு:
உறுப்பினரில் பாதிக்கு மேல் பள்ளி ஆட்கள். அதுவும் அப்படியேதான் இருக்கிறது.

ஏரிக்கரை:
ஒப்பந்தம் எங்கே?

தராசு:
ஆட்கள் யாருடையவர்கள்?