'எலக்டோரல் இன்டெக்ரிட்டி' – திங்கட்கிழமைக்குள் ஒரு சொல் வேண்டும்

மா.சு. எழுதியது:

அன்புள்ள அனைவருக்கும் வணக்கம்.

அரசறிவியல் முதலாண்டுப் பாடநூலில் பிப்பா நாரிஸ் என்ற அரசறிவியலாளரின் ஆய்வு பற்றிய இயலைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். 2012இல் அவர் தொடங்கிய 'எலக்டோரல் இன்டெக்ரிட்டி' திட்டத்தின் பெயரிலேயே வண்டி நின்றுவிட்டது. திங்கட்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். இப்போதைக்குத் 'தேர்தல் நேர்மை' என்று எழுதி வைத்திருக்கிறேன், மனம் ஒப்பவில்லை. 'ஃப்ரீ அண்ட் ஃபேர்' என்ற தொடரும் இதே இயலில் வருகிறது. அதைச் 'சுதந்திரமான, நேர்மையான' என்று எழுதிச் செய்தித்தாள்கள் பழக்கிவிட்டன. இரண்டுக்கும் ஒரே சொல் என்றால், அவற்றை ஒப்பிடும் பத்தியைப் படிக்கிற மாணவர் என்னைத்தான் திட்டுவார்.

கு.இ. எழுதியது:

இதில் என்ன சிக்கல்? பதவி உறுதிமொழிகளில் 'இறையாண்மையும் ஒருமைப்பாடும்' என்று வருகிறதே. இன்டெக்ரிட்டிக்கு அதுதானே ஏற்கப்பட்ட சொல்? 'தேர்தல் ஒருமைப்பாடு' என்று போட்டுவிட்டு அடுத்த வேலையைப் பாருங்கள்.

தெ.அ. எழுதியது:

எல்லாத் தேர்தலையும் ஒரே நாளில் நடத்துவதற்கு யாரோ பெயர் வைத்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொள்வார்கள். வேண்டாம்.

புலவர் ந.ப. எழுதியது:

அன்பர்களே, மூலத்தைத் தோண்டாமல் கிளையில் தொங்குகிறீர்கள். இலத்தீனில் 'இன்டெகெர்' என்றால் 'தொடப்படாதது' என்று பொருள். தொட்டால் குறைபடும், தொடாதது முழுதாக இருக்கும் என்ற எண்ணம் அதில் இருக்கிறது. இப்போது தமிழுக்கு வாருங்கள். 'உறு' என்ற பகுதி நீண்டு 'ஊறு' ஆகிறது. கெடு, கேடு ஆவது போல, பெறு, பேறு ஆவது போல. 'சுவையொளி ஊறோசை நாற்றம்' என்னும் குறளில் ஊறு என்பது தொடு உணர்வு. வினைத்திட்பத்தில் 'ஊறொரால்' என்கிற இடத்தில் அதுவே இடையூறு. தொடுதலும் கேடும் ஒரே சொல்லில்! இலத்தீன்காரனுக்குத் தோன்றியது நமக்கும் தோன்றியிருக்கிறது. ஆகவே 'தேர்தல் ஊறின்மை'. இதைவிடப் பொருத்தமான சொல் கிடைக்காது.

தெ.அ. எழுதியது:

ஐயா, சொல்லாராய்ச்சி அருமை, மறுக்கவில்லை. ஆனால் வகுப்பில் 'ஊறின்மை' என்றால் நீரில் ஊறாத தேர்தல் எது என்று கேட்பார்கள்.

புலவர் ந.ப. எழுதியது:

அந்த 'ஊறு' வேறு பகுதி. வேறுபாடு தெரியாதவருக்குத் தெரிவிப்பதுதான் வகுப்பு. 'பேருந்து' என்ற சொல்லையும் முதலில் கேட்டவர்கள் சிரிக்கத்தான் செய்தார்கள்.

மா.சு. எழுதியது:

ஐயா அவர்களுக்கு நன்றி. கருத்தைச் சற்று விளக்கிவிடுகிறேன். சொல் தேடுவது எளிதாகும். பன்னாட்டு அளவில் ஏற்கப்பட்ட நெறிகளும் தரங்களும் தேர்தல் சுழற்சி முழுவதிலும் காக்கப்படுகின்றனவா என்பதுதான் நாரிஸின் கேள்வி. வாக்குப்பதிவு நாள் மட்டும் அவருக்குப் போதாது. தேர்தல் சட்டம், தொகுதி எல்லை, வாக்காளர் பதிவு, வேட்பாளர் பதிவு, ஊடகம், பரப்புரைப் பணம், எண்ணிக்கை, முடிவு அறிவித்தபின் நடப்பவை என்று 11 கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு நாட்டுத் தேர்தலையும் அறிந்த வல்லுநர்களிடம் 49 கேள்விகள் கேட்டு, 100க்கு மதிப்பெண் போடுகிறார்கள். அந்த மதிப்பெண்தான் 'பெர்செப்ஷன்ஸ் ஆஃப் எலக்டோரல் இன்டெக்ரிட்டி' என்ற குறியீடு.

என் தயக்கம் இங்கேதான். ஒரு நாட்டில் ஒருவரும் கள்ள வாக்குப் போடவில்லை, அதிகாரிகளும் கைநீட்டவில்லை என்று வையுங்கள். ஆனால் வாக்காளர் பட்டியல் பழையது. இறந்தவர் பெயர் இருக்கிறது, உயிரோடு இருப்பவர் பெயர் இல்லை. அங்கே யாருடைய நேர்மையிலும் குறை சொல்ல முடியாது. ஆனாலும் அந்தத் தேர்தல் பழுதுபட்டதுதான். நேர்மை ஆளைப் பற்றியது. இது அமைப்பின் நிலையைப் பற்றியது.

வி.கோ. எழுதியது:

அப்படியானால் எதிர்ச்சொல்லிலிருந்து வந்து பார்க்கலாம். சாரா பிர்ச் என்ற அரசறிவியலாளர் 2011இல் தேர்தல் முறைகேடு பற்றி எழுதிய நூலில் மூன்று வகை சொல்கிறார்: சட்டத்தை வளைப்பது, வாக்காளரின் விருப்பத்தை வளைப்பது, வாக்குப்பதிவு நிர்வாகத்தை வளைப்பது. மூன்றுக்கும் 'முறைகேடு' பொருந்துகிறது. அதற்கு எதிர்ச்சொல் 'முறைமை'. 'தேர்தல் முறைமை' நன்றாகத்தானே இருக்கிறது?

கு.இ. எழுதியது:

நன்றாக இருக்கிறது; ஆனால் இடம் காலியில்லை. விகிதாசாரமா, அதிக வாக்குப் பெற்றவரே வெல்வதா என்பதைத் தேர்தல் முறைமை என்றுதான் எல்லாப் பாடநூல்களும் சொல்கின்றன. 'செம்மை' எப்படி? செங்கோல் என்பதில் வளையாத தன்மை இருக்கிறது. பெயரடையாக்கினால் 'செந்தேர்தல்'.

தெ.அ. எழுதியது:

செந்தேர்தல் என்றால் கட்சிக்கொடி ஒன்று கண்முன் வந்து நிற்கும். நடுநிலைமையை அளக்கும் குறியீட்டுக்கு நல்ல தொடக்கம்தான்.

புலவர் ந.ப. எழுதியது:

நகையாடலுக்கு நடுவே ஒன்றைக் கவனிக்கவில்லை. 'தேர்' என்றாலே ஆராய்தல். 'தேரான் பிறனைத் தெளிந்தான்' என்று குறள் எச்சரிக்கிறது. அகநானூற்றின் 77ஆம் பாட்டில் குடத்திலிருந்து ஓலை எடுப்பவர் அதன்மேல் இட்ட பொறியை, அதாவது முத்திரையை, சரிபார்த்து அழிக்கிறார். சரிபார்ப்பு அங்கேயே இருக்கிறது. ஆராயாமல் நடப்பது தேர்தலே அன்று. எனவே தேர்தல் என்ற சொல்லுக்குள்ளேயே...

வி.கோ. எழுதியது:

ஐயா, அந்த வழியில் போனால் நாரிஸின் திட்டத்துக்குத் 'தேர்தல் திட்டம்' என்று மட்டும் பெயர் வைக்க வேண்டிவரும்.

மா.சு. எழுதியது:

இதுவரை மூவர் 'நேர்மை'க்கு. தனி மடலில் இன்னொருவரும் அதையே சொன்னார், 'எதையாவது போட்டு முடி' என்ற குறிப்போடு. 'செம்மை'க்குக் கு.இ. மட்டும். 'ஊறின்மை'க்கு ஐயா. நான் செய்யப்போவது இது: இன்டெக்ரிட்டிக்குத் 'தேர்தல் நேர்மை'. 'ஃபேர்' என்பதற்கு 'நியாயமான'. பத்தி பிழைத்துக்கொள்ளும்.

புலவர் ந.ப. எழுதியது:

'நியாயம்' வடசொல். 'நயன்' இருக்கிறதே, 'நயனொடு நன்றி' என்னும் குறளுக்கு உரைகாரர் நீதி என்று பொருள் சொல்கிறார். என் வாக்கை ஊறின்மைக்கே பதிவு செய்யுங்கள். அடுத்த பதிப்பு என்று ஒன்று வரும்.

கு.இ. எழுதியது:

எல்லாம் சரி. அந்தக் குறியீட்டின் பெயரில் 'பெர்செப்ஷன்ஸ்' என்று முன்னால் நிற்கிறதே, அதற்கு என்ன போட்டீர்கள்? 'கணிப்பு' என்று எழுதியிருந்தால் உடனே மாற்றுங்கள். யார் வெல்வார் என்று சொல்லும் கருத்துக்கணிப்பு என்று எடுத்துக்கொள்வார்கள். 'உணர்வு' என்றால் வல்லுநர்கள் அழுதுவிட்டு மதிப்பெண் போட்டது போல இருக்கும்.